நான்காம் தொட்டியில் போட்ட உப்பு

சரவணா,

ஜூலை மாதம் உன் கல்யாணத்துக்கு வருகிறேனா என்று நீ மூன்று முறை போனில் கேட்டாய். மூன்று முறையும் "பார்க்கலாம்" என்றேன். ஜூலையில் உப்பளத்தில் வேலை உச்சத்தில் இருக்கும், பாத்தியை விட்டு நகர முடியாது என்று காரணமும் சொன்னேன். நீ நம்பியிருப்பாய். நீ பள்ளியில் மேடை ஏறிப் பரிசு வாங்கிய நாள்களில்கூட நான் பாத்தியை விட்டு வந்ததில்லை. ஆனால் இந்த முறை காரணம் பாத்தி இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து "விடும்மா" என்று முடித்துவிடுவாய். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இதை உனக்கு மட்டும் அனுப்பாமல், நாலு பேர் படிக்கும்படி ஒரு பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். நான் செய்த தவறை நான்கு சுவருக்குள் செய்தேன், ஆனால் அதைப் பற்றிய பொய்யை நாலு பேர் முன்னால் சொன்னேன். அதனால் திருத்தமும் நாலு பேர் முன்னால்தான் நடக்க வேண்டும்.

முன்பின் தெரியாமல் படிக்கிறவர்களுக்காக உன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நீ அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைப்பக்கத்தில் ஒரு பிராணியை அழியாமல் காக்கும் வேலையில் இருக்கிறாய். ஹெல்பெண்டர் என்று அதற்குப் பெயர். கன்னியாஸ்திரீகளிடம் படித்த எனக்கு நரகம் என்று ஆரம்பிக்கும் பெயரை வாய்விட்டுச் சொல்லவே இரண்டு வருஷம் ஆனது. சாலமாண்டர் இனம். தவளைக்கு உறவு, பார்வைக்குப் பல்லி. இரண்டு அடி வரை வளரும். சேற்று நிறம், தட்டைத் தலை, மிளகளவு கண்கள், விலா ஓரம் முழுவதும் புடவைக் கொசுவம் போல மடிந்து மடிந்து தொங்கும் தோல். வளர்ந்தபின் அது பெரும்பாலும் அந்தத் தோலால்தான் மூச்சு விடுகிறது. குளிர்ந்து ஓடுகிற தண்ணீரில் கலந்திருக்கும் காற்றை அந்த மடிப்புகள் வாங்கிக்கொள்கின்றன. தண்ணீர் கெட்டால் அதற்கு மூச்சும் கெட்டது. ஓடையின் அடியில் பெரிய தட்டைக் கல் ஒன்றைப் பார்த்துக் குடிபுகுந்தால் முப்பது வருஷம்கூட அங்கேயே இருந்துவிடும். விஷம் உள்ளது, மீனைக் கெடுக்கிறது என்று சொல்லி அந்த ஊர்க்காரர்கள் வெகுகாலம் அதை அடித்துக் கொன்றிருக்கிறார்கள். அதற்கு விஷமே கிடையாது. இப்போது அடிப்பவர்கள் குறைவு. ஆனால் மழையில் கரைந்து வரும் மண் கல்லுக்கு அடியில் உள்ள இடுக்கை அடைத்துவிடுகிறது. குளிக்க வருகிறவர்கள் கல்லைப் புரட்டி விளையாட்டாக அடுக்கிவைத்துவிட்டுப் போகிறார்கள். பனிக்காலத்தில் சாலை வழுக்காமலிருக்கக் கொட்டுகிற உப்பு கரைந்து ஓடையில் சேர்கிறது. இத்தனைக்கும் நடுவில் நீ முட்டைகளை எடுத்து வந்து, கொட்டகையில் மூன்று நான்கு வருஷம் வளர்த்து, தாங்கும் வயதானதும் மறுபடி அதே ஓடையில் விடுகிறாய்.

சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள் என்று நீ முதலில் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது, நம் சரக்குக்கு அங்கேயும் மதிப்பு இருக்கிறதே என்று. அது ஓடையைக் கெடுக்கிறது என்று அடுத்த வாக்கியத்தில் சொன்னாய். கோபம் வந்தது. உப்பு எதையும் கெடுத்து நான் பார்த்ததில்லை. கெடாமல் காப்பதுதான் உப்பு.

உன் வேலையை நான் மதிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே கேட்டவர்களிடமெல்லாம் நீ டாக்டர் என்றே சொன்னேன். நீ முனைவர் பட்டம் வாங்கியவன், ஆகவே அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்பவர்கள் ஸ்டெதாஸ்கோப்பை நினைக்கிறார்கள் என்று தெரிந்தேதான் சொன்னேன். நம் பாத்தியில் இருபது வருஷமாக உப்பு வாரும் அஞ்சலை ஒரு நாள் வெடித்து வீங்கிய காலோடு வந்து, டாக்டர் தம்பியிடம் போனில் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நீ படத்தில் அவள் காலைப் பார்த்தாய், அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாய், நீ என்ன டாக்டர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாய். அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தம்பி தண்ணிப் பல்லிக்குப் பாக்குறவராம்மா. எனுக்கு இன்னும் செதிலு மொளைக்கல, மொளைச்சா சொல்றேன்" என்றாள்.

ஹெல்பெண்டருக்குச் செதில் கிடையாது என்று நான் அப்போது திருத்தவில்லை.

உனக்கு இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று யோசித்தால் அந்தத் தவளைதான் நினைவுக்கு வருகிறது. உனக்கு எட்டு வயது. மழை விட்ட ஒரு நாள் உப்பளத்து வாய்க்காலில் விழுந்து கிடந்த தவளையை எடுத்து வந்து குடிதண்ணீர்க் குடத்தில் போட்டுவிட்டாய். அப்போது நல்ல தண்ணீர் லாரியில்தான் வரும், வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. நான் உன்னை அடித்தேன். குடத்தை அப்படியே கொல்லையில் கவிழ்க்கப் போனேன், கொல்லை முழுக்க உப்புப் பூத்த மண். உன் அப்பா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏய், வுடு. தண்ணி நாளைக்கும் லாரில வரும். இது வருமா?" என்றார். ஈரச் சாக்கில் தவளையைச் சுற்றி, உன்னை மொபெட்டில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளியனூர் போகிற வழியில் ஒரு ஏரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்து நீ என்னிடம் சொன்னாய்: "அது தோலாலயே தண்ணி குடிக்குதாம்மா, அப்பா சொன்னாரு. உப்புத் தண்ணில விட்டா உள்ள இருக்கிற தண்ணியெல்லாம் வெளிய போயிடுமாம்." நான் உன்னைக் கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தை நான் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே வந்திருக்காது.

அந்த நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பில் நீ தப்பாகப் போட்ட ஒரு விடையை பிளேடால் சுரண்டி, அதன் மேல் சரியான விடையை எழுதியிருந்தாய். பக்கம் முழுவதையும் மறுபடி எழுத வைத்தேன். புதுச்சேரி கான்வென்ட் விடுதியில் எங்கள் மதர் கற்றுக்கொடுத்தது அது. தப்பு செய்தால் ஒரே ஒரு நேர்க்கோடு. கோட்டுக்கு அடியில் இருப்பதைப் படிக்க முடிய வேண்டும். மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் திருத்தியவள் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். சுரண்டக்கூடாது, மையால் மெழுகக்கூடாது. கத்தோலிக்கப் பெண்கள் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார்கள். எனக்கு அந்த வரிசை கிடையாது, இந்தக் கோடுதான். நம் உப்பளத்தில் பாத்தித் தண்ணீரின் டிகிரியை, அதாவது அதில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை, நாற்பது வருஷமாக எழுதி வைத்திருக்கிறேன். மற்றவர்கள் விரலை நனைத்து நாக்கில் வைத்துச் சொல்வார்கள். நான் கண்ணாடிக் குச்சியை மிதக்க விட்டுப் படித்து எழுதுவேன். அந்த நோட்டுகளில் ஒரு சுரண்டல் கிடையாது. அதில் எனக்கு எவ்வளவு கர்வம் என்று உனக்குத் தெரியும்.

அப்பா இறந்த வருஷம், மழை தொடங்கிப் பாத்திகளில் வேலை நின்றிருந்த நேரத்தில், நீ என்னை அங்கே அழைத்துப் போனாய். முதல் வாரலில் கிடைக்கிற உப்பை ஒரு துணிப்பையில் எடுத்து வைத்து வருஷம் முழுக்க வீட்டுக்குப் புழங்குவது நம் வழக்கம். அந்த வருஷத்து முதல் வாரலையும் அப்பாதான் பாத்தியில் இறங்கிப் பலகை பிடித்து இழுத்தார். அந்தப் பையையும் பெட்டியில் வைத்துக்கொண்டேன். டிசம்பரில் உன் வீட்டில் இறங்கினேன். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை, கொட்டகைக்குக் கீழே ஓடை, எங்கே பார்த்தாலும் பனி. வெள்ளையாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்து முதல் நாள் காலையில் நம் உப்பு அம்பாரம் என்றே ஒரு நிமிஷம் நினைத்தேன்.

கொட்டகையில் இரண்டு பேர்தான். நீயும் ஹானாவும். ஹானா அப்போது உன்னோடு வேலை பார்க்கிற பெண், அவ்வளவுதான். வளர்ந்து வருகிற குஞ்சுகளுக்குத் தீனி போடுவது, தண்ணீர் மாற்றுவது, பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. அந்த வருஷம் மேல் ஓடையில், நீயே சிமெண்டில் வார்த்து இறக்கிய பெட்டிக்குள் ஹெல்பெண்டர் முட்டை வைத்திருந்ததை நீ குழந்தைபோலச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாய். முட்டைக்கு ஆண்தான் காவல் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பெண் இட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஆண் வாசலில் தலையை வைத்துப் படுத்து, உடம்பை ஆட்டி ஆட்டி முட்டைகளுக்குப் புதுத் தண்ணீர் விசிறிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கிறது. அதே ஆண் சில சமயம் அந்த முட்டைகளைத் தின்றும்விடுகிறது. ஏன் என்று கேட்டேன். "தண்ணி சரியில்லன்னா இது தேறாதுன்னு அதுக்குத் தோணிடுது போலம்மா. முழுசா யாருக்கும் தெரியாது" என்றாய். அது தின்று மிஞ்சியதை எடுத்து வந்து பொரிக்க வைத்ததில் இருபத்து மூன்று குஞ்சுகள் தேறின. அந்த ஓடையிலிருந்து வேறு கிடையாது. விரல் நீளம்கூட இல்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் செவுள் இறகுபோல விரிந்து ஆடும். அழகாக இருந்தன என்று அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அதில் பன்னிரண்டுக்கு உடம்பில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாகப் பூஞ்சை வந்தது. அவற்றை நான்காம் எண் தொட்டியில் தனியாகப் போட்டாய். ஓட்டத் தண்ணீர் இல்லாத சின்னத் தொட்டி. ஹானா காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுவாள். எந்தத் தொட்டியிலும் கை வைக்கக்கூடாது என்று என்னிடம் சொல்லியிருந்தாய். ஒரு பிற்பகல் நீ ஓடைக்குப் போயிருந்தாய். ஹானா மருந்து வாங்க டவுனுக்குக் கிளம்பினாள். சீக்கிரம் வந்துவிடுவேன், நீங்கள் இங்கே உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பனியில் சாலை அடைத்துக்கொண்டது, அவள் வர மாலையாகிவிட்டது. நான் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரை வைத்துவிட்டு நான்காம் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். குஞ்சுகள் துவண்டு கிடந்தன. தொண்டை கட்டினால் உப்பு, பல் வலித்தால் உப்பு, அஞ்சலை கால் வெடித்தால் உப்புத் தண்ணீர், மாட்டுக் குளம்பில் புழு வைத்தால் உப்பு. எழுபது வயது வரை நான் பார்த்த வைத்தியம் அது. படித்தவர்களுக்கு இது தெரியவில்லையே என்றும் தோன்றியது. வீட்டுக்குப் போய் அந்தத் துணிப்பையை எடுத்து வந்தேன். உன் சமையலறையில் வேறு உப்பு இருந்தது. அது மட்டம் என்று அதைத் தொடவில்லை. அப்பா வாரிய உப்பில் ஒரு கைப்பிடி, நிறைந்த கைப்பிடி, நான்காம் தொட்டியில் போட்டுக் குச்சியால் கலக்கிவிட்டேன். தண்ணீரின் டிகிரி பார்க்காமல் நாற்பது வருஷத்தில் ஒரு மடையைத் திறந்தவள் இல்லை நான். அன்றைக்கு அளக்கவே தோன்றவில்லை.

குஞ்சுகள் உடனே துள்ளின. தெம்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அமைதியாகிவிட்டன. குணமாகித் தூங்குகின்றன என்று நினைத்து ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டேன்.

ஹானா வந்து பார்த்து உனக்குப் போன் செய்தாள். நீ ஈர பூட்ஸோடு ஓடி வந்தாய். தண்ணீரின் உப்பைப் பார்க்கிற மீட்டரை நான்காம் தொட்டியில் வைத்தாய். எண்ணைப் பார்த்தாய். துடைத்துவிட்டு மறுபடி வைத்தாய். நீ இரண்டாவது முறை வைத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, சரவணா. ஹானா சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் அவளுக்குப் புரியக்கூடாது என்று தமிழில் சொன்னேன்:

"இந்தப் பொண்ணு காலைல தண்ணி மாத்தலையோ என்னவோ. நான் பார்க்கல."

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டியைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே சொன்னாய்: "அவ மாத்தினாம்மா. தப்பு என்னுது."

அம்மா என்ன சொல்கிறார்கள் என்று ஹானா கேட்டாள். இப்படி நேர்ந்ததற்கு வருத்தப்படுகிறார்கள் என்று நீ ஆங்கிலத்தில் சொன்னாய். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது உனக்குத் தெரியும். நான் கேட்டுக்கொண்டு நின்றேன் என்பதும் தெரியும். ஹானா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைத்தான்.

அதன் பிறகு அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. உன் மீட்டர் வேறு எதையோ காட்டியிருக்கும், என் கண்ணாடிக் குச்சி மாதிரியா அது என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன். ஊருக்குத் திரும்பியதும், அமெரிக்கா எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம் கதையாகவே சொன்னேன். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குப் பொறுப்பு போதாது, ஒரு பெண் தண்ணீர் மாற்றாமல் விட்டு என் மகனுடைய குஞ்சுகள் பன்னிரண்டு செத்தன என்றேன். பாத்தியில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், கோட்டக்குப்பத்தில் ஒரு கல்யாண வீட்டில்கூடச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்ததுபோல ஆகிவிட்டது.

போன மார்ச்சில் ஹானா பெங்களூருக்கு ஒரு கூட்டத்துக்கு வந்தவள் என்னைப் பார்க்க வந்தாள். உங்கள் கல்யாணச் செய்தியை நீ அதற்கு முன்பே சொல்லியிருந்தாய். ஆரோவில்லில் நல்ல அறை பிடித்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்று நம் வீட்டிலேயே மூன்று நாள் இருந்தாள். இரண்டாம் நாள் பாத்திக்குக் கூட்டிப் போனேன். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். அஞ்சலை பலகையை ஊன்றி நின்று பார்த்தாள். "ஆரோவில்லு அம்மாவா?" என்று கேட்டாள். என் மருமகளாக வரப் போகிறவள் என்றேன். "அப்ப இவங்களும் பல்லி டாக்டரா? ஊட்ல ஒரு பூச்சி இருக்காதே" என்றாள். ஹானா என்னவென்று கேட்டாள், நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன், இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அஞ்சலை, வெள்ளந்தியாக, இதைக் கேட்டாள்:

"அங்க ஒரு பொண்ணு தண்ணி மாத்தாம தம்பியோட குஞ்சுங்களக் கொன்னுட்டான்னு சொன்னீங்களேம்மா, அவள வேலைய வுட்டு அனுப்பிட்டாங்களான்னு கேளுங்க."

என்ன சொல்கிறார்கள் என்று ஹானா என்னைப் பார்த்தாள். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள் என்றேன். ஹானா அஞ்சலையைப் பார்த்துத் தலையாட்டி, வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். அஞ்சலைக்கு ஒன்றும் புரியாமல் அவளும் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து ஹானாவுக்கு டிகிரி பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே, வெகுநாளாகத் தனக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றாள். பூஞ்சைக்கு மிக லேசான உப்புத் தண்ணீரில் வைத்தெடுப்பது அவர்களுக்கும் தெரிந்த வைத்தியம்தானாம். அந்தப் பன்னிரண்டு குஞ்சுகளுக்கு அதைச் செய்ததாகவும், அளவு தவறிவிட்டதாகவும் நீ பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாயாம். அதற்காக உன்னைக் கொட்டகையிலிருந்து எடுத்து இரண்டு வருஷம் ஓடையில் கல் எண்ண அனுப்பினார்களாம். "உப்பளத்தில் பிறந்தவனுக்கு உப்பின் அளவு எப்படித் தவறும்? உங்களைப் பார்த்த பிறகு இன்னும் புரியவில்லை" என்றாள். பிறகு, அந்த விபத்துக்குப் பின் கொட்டகையில் உப்பு வைத்தியத்தையே நிறுத்திவிட்டார்கள் என்றாள். அடுத்த வருஷம் வேறொரு ஓடையின் குஞ்சுகளுக்குப் பூஞ்சை வந்தபோது உப்பைத் தொட எல்லாருக்கும் பயமாம். பாதி போய்விட்டனவாம்.

நான் கண்ணாடிக் குச்சியை வாங்கித் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். விளக்கேற்றும் நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.

கல்யாணம் ஆகப் போகிற மகனுக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். தவறு செய்தவள் சொல்லும் புத்தி என்று தள்ளிவிடாமல் கேள். நீ என்னைக் காப்பாற்றினாய். அதற்கு நன்றி சொல்ல மாட்டேன். புருஷனை இழந்து மூன்று மாதம்கூட ஆகாத அம்மாவைத் தலைகுனிய வைக்கக்கூடாது என்று நினைத்திருப்பாய். அன்பு என்றுதான் நினைத்திருப்பாய். ஆனால் நீ எழுதிய பதிவேடு உன் அம்மாவுக்காக வைத்தது இல்லை. உனக்குப் பின்னால் வருகிறவர்கள் எது கொல்லும், எது காக்கும் என்று பார்ப்பதற்காக வைத்தது. அதில் நீ ஒரு பொய் எழுதினாய், அதைப் படித்தவர்கள் நல்ல மருந்தை ஒதுக்கினார்கள். நான் கொன்றது பன்னிரண்டு. மிச்சத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்து கொன்றோம். மூன்றாம் வகுப்பில் உனக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று எழுத வருகிறது, ஆனால் அன்றைக்கு அந்தக் கொட்டகையில் சொல்லிக்கொடுக்க வேண்டியவள் வாய் மூடி நின்றாள். உன்னை நான் கோபித்துக்கொள்ள முடியாது. ஹானாவிடம் மட்டும் இப்படிச் செய்யாதே. அவள் செய்யும் தவறை அவளிடம் சொல். நீ செய்வதையும் சொல். என்னைக் காப்பதற்காக அவளிடம் எதையும் மாற்றிச் சொல்லாதே. அன்றைக்கு நீ மாற்றி மொழிபெயர்த்ததுபோலவே நானும் மார்ச்சில் செய்தேன். அது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்கே தெரிந்துவிட்டது.

ஹானாவுக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதி முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் எழுபது வயது, துக்கம், பழக்கம் என்று காரணங்கள் இருந்தன. நான்காவதில் நடந்ததை மட்டும் எழுதினேன். அவளைப் பற்றி நான் சொன்ன பொய்யையும், பாத்தியில் அஞ்சலை கேட்டது என்ன என்பதையும் எழுதினேன். ஒன்பது நாள் ஆகிறது, பதில் வரவில்லை. வராமலிருப்பது அவள் உரிமை. அவள் உன்னிடம் இதைப் பேசினாளா என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம்.

அஞ்சலைக்கு இதுவரை எழுதியதை நேற்று மதியம் கஞ்சி வேளையில் நானே படித்துக் காட்டினேன். உப்பளத்துக் கொட்டகை நிழலில் இருந்த மற்றவர்களும் கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அஞ்சலை கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப அது நீங்கதானாம்மா" என்றாள். "நான் அந்தப் பொண்ணை எத்தினி வாட்டி திட்டியிருப்பேன். மூஞ்சி தெரியாமலே திட்டினேன். மூஞ்சியப் பாத்து சிரிச்சேன்." பிறகு எழுந்து பலகையை எடுத்துக்கொண்டாள். "ஜூலைல போயிட்டு வாங்க. பாத்திய நான் பாத்துக்கிறேன். டிகிரி நாக்குல பாத்தா போதும், உங்க குச்சிய ஒடைக்க மாட்டேன்."

ஆகவே வருகிறேன். ஹானா வர வேண்டாம் என்றால் கல்யாணத்துக்கு வரமாட்டேன், கொட்டகைக்கு மட்டும் வருவேன். மேல் ஓடைக் குஞ்சுகளில் பிழைத்த பதினொன்றையும் அந்த வாரம்தான் ஓடையில் விடுகிறீர்கள், ஒன்றை நான் விட வேண்டும் என்று சொன்னாய். இப்போது முழங்கை நீளம் இருக்கும், வழவழவென்று நழுவும், கடித்தாலும் கடிக்கும் என்றாய். அதைத் தொடுவதற்கு முன் ஓடைத் தண்ணீரில் கையை அலசிக்கொள்ள வேண்டும் என்று ஹானா பாத்தியில் சொன்னாள். வியர்வையில் உள்ள உப்பு ஆகாதாம். என் கையை நான் எவ்வளவு நேரம் அலச வேண்டியிருக்கும் என்று தெரியவில்லை. அலசுகிறேன். விடலாமா கூடாதா என்று அவள் சொல்லட்டும். விடக்கூடாது என்றால் கரையில் நின்று பதினொன்றையும் எண்ணிக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. அந்த வருஷத்துப் பதிவேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து வை. நீ எழுதிய வரியைச் சுரண்டாதே, பக்கத்தைக் கிழித்துவிடாதே, புதுப் பக்கமும் வேண்டாம். நீ எழுதியதன் மேல் ஒரே ஒரு நேர்க்கோடு போட வேண்டும், அடியில் இருப்பதைப் படிக்க முடிய வேண்டும். மேலே என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஓரத்தில் என் எழுத்தைப் போட்டுவிட்டுத்தான் ஓடைக்கு இறங்குவேன். பேனா நான் கொண்டு வருகிறேன்.

அம்மா